பிரம்மதால் போகிறாயா? அக்கா சொல்வதைக் கொஞ்சம் கேள்

பனியில் மலை ஏறப் போகிறேன் என்று சொல்லும் தங்கச்சிகள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த ஜாக்கெட் வாங்கலாம்?" ஜாக்கெட் கடைசிக் கவலை. மலையடிவாரக் கடையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பழகிய ஷூவும், படி ஏறி இறங்கிப் பழகிய காலும், உடம்பில் போதுமான ரத்தமும் எங்கேயும் வாடகைக்குக் கிடைக்காது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கும் முன்னால், போகும் இடத்தைப் புரிந்துகொள். உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில் லோஹாஜங் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 7,600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஓக் காட்டுக்குள் ஏறினால் பேகல்தால். அதற்கும் மேலே, 10,000 அடியைத் தாண்டி, பிரம்மதால். அதன் பின்னால் இருக்கும் மலைமுகட்டில் ஏறினால் 12,000 அடிக்கு மேல் போய்விடுவாய். மொத்தம் நாலு நாள் நடை. புதிதாக இமயமலைக்குப் போகிறவளுக்கு ஏற்ற பாதைதான். ஆனால் "ஈஸி ட்ரெக்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதே. ஈஸி என்பது அந்த ஊர்க்காரர் காலுக்கு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் முகம் தொங்கக் கூடாது. பேகல்தால், பிரம்மதால் இரண்டும் சின்ன ஏரிகள். ஊட்டி ஏரியில் ஒரு மூலைக்குக்கூட வராது. குளிர்காலத்தில் உறைந்து, மேலே பனி மூடிக் கிடக்கும். போட்டோவில் பார்த்த நீலத் தண்ணீரைத் தேடினால் வெள்ளைத் தரைதான் தெரியும். ஏரியைப் பார்க்க மட்டும் இவ்வளவு தூரம் போவது வீண் என்பதே என் கட்சி. போகிற வழியில் இருக்கும் காட்டுக்காகப் போ. ஏரி கொசுறு.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால்

ஹீமோகுளோபின் டெஸ்ட் எடு. சிரிக்காதே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறையும். இருப்பதைச் சுமந்து செல்ல வேண்டியது ஹீமோகுளோபின். அதுவே 12-க்குக் கீழே இருந்தால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும், "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று உன்னையே திட்டிக்கொள்வாய். டாக்டரிடம் காட்டு. இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரத்தில் வேலை செய்யாது, மாதக்கணக்கில் எடுக்கும். அதனால்தான் இரண்டு மாதம் என்கிறேன். மாத்திரை போட்டதும் காபி குடிக்காதே, சத்து உடம்பில் ஒட்டாது.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. ஐந்து கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் நடந்தும் ஓடியும் முடிக்கிற நிலைக்கு வா. அதோடு படி. சென்னையில் இருந்தால் பறங்கிமலை, திருச்சியில் இருந்தால் மலைக்கோட்டை, எதுவும் இல்லையென்றால் அடுக்குமாடி மாடிப்படி. முதுகில் ஒரு பை, அதில் தண்ணீர் பாட்டில்கள். எல்லாரும் ஏறுவதை மட்டும் பழகிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். முட்டியையும் தொடையையும் பதம் பார்ப்பது இறக்கம்தான். கடைசி நாள் லோஹாஜங்கிற்கு இறங்கும்போது கால் வெடவெடவென்று ஆடாமல் இருக்க வேண்டுமானால் இறங்கிப் பழகு.

முடிந்தால் நம் ஊரிலேயே ஒரு நாள் காட்டு நடை போய் வா. 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024 அக்டோபரில் அரசே ஆரம்பித்திருக்கிறது. 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, வனத்துறை அனுமதியோடு வழிகாட்டியும் வருவார். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். அதற்காக முகம் சுளிக்காதே. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனது நினைவிருக்கட்டும். மூடிய காட்டுக்குள் "நான் பார்த்துக்கறேன்" என்று கூட்டிப் போகிறவனோடு எந்த மாநிலத்திலும் போகாதே.

ஷூ

ஷூவை சாயங்காலம் போய் வாங்கு. பகல் முழுக்க நடந்தபின் பாதம் லேசாக வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். கடைக்குப் போகும்போதே மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு போ. லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளி விரல் நுனி ஷூவைத் தொடும்படி நில். இப்போது குதிகாலுக்குப் பின்னால் உன் சுட்டுவிரல் நுழைய வேண்டும். நுழையவில்லையா, அரை சைஸ் பெரிதாக எடு. இல்லையென்றால் இறக்கத்தில் கட்டைவிரல் முட்டி முட்டி நகம் கறுத்துப் போய், ஊருக்கு வந்து விழுந்துவிடும். கணுக்காலை மூடும் உயரம், தண்ணீர் புகாத மேல்பாகம், ஆழமாக வெட்டிய அடிப்பகுதி, இது மூன்றும் இருந்தால் போதும். விலையை வைத்து முடிவு செய்யாதே.

வாங்கிய ஷூவை அட்டைப்பெட்டியோடு லோஹாஜங்கிற்குத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும். நாலைந்து வாரம் அதைப் போட்டுக்கொண்டே நட, காய்கறி வாங்கக்கூட. எங்கே உரசுகிறது என்று உனக்கே தெரிந்துவிடும். மலையில் அந்த இடத்தில் லேசாகச் சூடு தெரிந்த உடனேயே நின்று பிளாஸ்திரி ஒட்டு. "கேம்ப் போய்ப் பார்க்கலாம்" என்றால் அதற்குள் கொப்புளமாகிவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடு.

துணிமணி

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்வாள். நம் ஊர் வெயிலுக்கு அது சரி. மலையில் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், நின்றதும் ஐஸ் போல முதுகில் ஒட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். உடம்போடு சீக்கிரம் காயும் டீ-ஷர்ட், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் பஞ்சு அடைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஒன்று. வெங்காயம் மாதிரி அடுக்கு. ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்று, நின்றால் உடனே போடு. நடக்கத் தொடங்கும் நேரத்தில் லேசாகக் குளிரத்தான் வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் வியர்த்துவிடும், அந்த வியர்வைதான் இரவில் உன்னை நடுங்க வைக்கும்.

இரவுக்கு ஒரு செட் தனியாக வை: தெர்மல், கம்பளி சாக்ஸ், குல்லா. கேம்புக்குப் போனதும் மற்ற கதையெல்லாம் பேசுவதற்கு முன் உள்ளாடை வரை ஈரத்தை மாற்று. இந்தச் செட்டைப் போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. பிளாஸ்டிக் கவரில் கட்டி பையின் அடியில் வைத்துவிடு.

கறுப்புக் கண்ணாடி அழகுக்கு இல்லை. பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைப் புண்ணாக்கும், ஒரு நாள் முழுக்கத் திறக்க முடியாமல் போகும். புற ஊதாக்கதிரைத் தடுக்கிறது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கு. சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்பக்கத்திலும் தாடைக்குக் கீழேயும் தடவு. பனியில் வெயில் கீழேயிருந்தும் வரும். தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் போகாதே, ரிஷிகேஷிலேயே கல்லாகிவிடும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாஸ்லின் டப்பா ஒன்று போதும். தலைமுடியை இரட்டைப் பின்னல் போட்டு ஸ்கார்ஃபால் மூடிவிடு. நாலு நாளும் தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, குளியலும் கிடையாது. உன்னை யாரும் மோந்து பார்க்கப் போவதில்லை.

போகும் வழி

டெல்லியிலிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் காத்கோதாம். அங்கிருந்து ஜீப்பில் கிட்டத்தட்ட ஒரு பகல். ரிஷிகேஷ் வழி என்றால் தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று வழியெங்கும் ஆறுகள் சேரும் இடங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் வேறு வேறு நிறத்தில் வந்து சேர்வதைப் பார்க்க வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல். எந்த வழியானாலும் வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வரும் உடம்பென்றால் முன் சீட்டைப் பிடி, டாக்டரைக் கேட்டு கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுக்கொள். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், நடைக்கம்பு பெரிய பெட்டியில். பணத்தைச் சமவெளியிலேயே எடுத்து வைத்துக்கொள். மேலே போன பின் ஏ.டி.எம்., சிக்னல் இரண்டையும் நம்பாதே. "நாலு நாள் போன் வராது" என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லையென்றால் எனக்குத்தான் போன் வரும்.

எந்த மாதம் என்று கேட்டாயே. டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டம் அம்மும், பகலும் குறுகல். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை. பனியும் இருக்கும், குளிரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கீழ்ப்பகுதியில் புராஞ்ச் பூக்கத் தொடங்கியிருக்கும்.

காட்டுக்குள்

புராஞ்ச் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ரோடோடெண்ட்ரான். உத்தரகண்டின் மாநில மரம் அது. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் இதன் கிளை வகையே சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. ஊட்டிக்குப் போய்விட்டுத் தாவரவியல் பூங்காவை மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தால் கவனித்திருக்க மாட்டாய். லோஹாஜங் பக்கத்து ஊர்க் கடைகளில் இந்தப் பூவில் செய்த சர்பத் கிடைக்கும், ஒரு பாட்டில் எனக்கும் வாங்கி வா.

மற்றபடி அது ஓக் காடு. இலையைத் திருப்பிப் பார், அடிப்பக்கம் வெள்ளிச்சாம்பல் நிறத்தில் இருக்கும். இந்தக் காடு மழைநீரைப் பிடித்து ஊற்றுகளுக்குக் கொடுக்கிறது, மாட்டுக்குத் தழை கொடுக்கிறது, அடுப்புக்கு விறகு கொடுக்கிறது. 1974 மார்ச்சில் மரம் வெட்ட வந்தவர்களை கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மறித்து நின்ற ரேணி கிராமமும் இதே சமோலி மாவட்டம்தான். எதிரே முதுகு மறையத் தழைக்கட்டோடு பெண்கள் வருவார்கள். வழியை விட்டு ஒதுங்கி நில். கேட்காமல் போட்டோ எடுக்காதே.

நடையில் கவனிக்க வேண்டியது அந்த ஓக் இலைதான். காய்ந்த இலை சரிவில் கணுக்கால் அளவுக்குக் குவிந்து கிடக்கும், எண்ணெய் தடவியது போல வழுக்கும், உள்ளே என்ன பள்ளம் என்றும் தெரியாது. தெரிகிற கல்லிலும் வேரிலும் கால் வை. இறங்கும்போது முட்டியைச் சற்று மடக்கி, சின்ன அடியாக, குறுக்கும் நெடுக்குமாக இறங்கு. கோவேறு கழுதைகள் மணிச்சத்தத்தோடு வந்தால் எப்போதும் மலைப்பக்கம் ஒட்டி நில். பள்ளத்துப் பக்கம் நின்றால் அது முதுகுச்சுமையால் இடித்துக் கீழே தள்ளிவிட்டுத் தன் பாட்டுக்குப் போகும்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு முழு வாக்கியம் சொல்ல மூச்சு இல்லையா, குறை. குழுவில் யாராவது முன்னால் பறந்து போவார்கள், போகட்டும். அவர்கள் மொனால் பறவையைப் பார்த்திருக்க மாட்டார்கள். மயில் கழுத்து நிறங்கள் எல்லாம் உடம்பில் பூசிய அந்தப் பறவை, சத்தம் இல்லாமல் நடக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். மேலே ஓக் கிளைகளில் சாம்பல் பச்சை நிறத்தில் தாடி போலப் பாசி தொங்கும். காற்று சுத்தமாக இருக்கும் இடத்தில்தான் அது வளரும்.

சிறுநீர் கழிக்க வழியை விட்டு உள்ளே போனால் பையையோ கம்பையோ வழியிலேயே வைத்துவிட்டுப் போ, ஒருத்தியிடம் சொல்லிவிட்டும் போ. கடைசியாக வரும் வழிகாட்டி பையைப் பார்த்தால் காத்திருப்பார். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழைய வியாதி. குளிரில் தாகமே எடுக்காது, ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் தலைவலி வரும், அது உயரத்தால் வந்ததா தண்ணீர் குறைந்ததால் வந்ததா என்றே தெரியாமல் தவிப்பாய்.

மாதவிலக்கு தேதி அங்கே முன்பின் ஆகலாம். தேதி இல்லாவிட்டாலும் நாப்கின் எடுத்துக்கொள். தள்ளிப்போட மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்காமல் போடாதே. பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, அதை ஒரு கறுப்புப் பையில் வைத்து ஊருக்கே திரும்பக் கொண்டு வா. புதைக்காதே, விலங்கு தோண்டிவிடும். ஈர டிஷ்யூவும் மக்காது. கேம்ப் கழிப்பறை என்பது ஒரு குழியும் சுற்றிலும் கூடாரத் துணியும்தான். பக்கத்தில் மண் இருக்கும், அள்ளி மூடு.

உயரம்

8,000 அடிக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் மலைநோய் வரலாம், மாரத்தான் ஓடுகிறவனுக்கும்தான். தலைவலி, குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, தூக்கமின்மை. இதில் எது வந்தாலும் வழிகாட்டியிடம் அப்போதே சொல். "என்னால் மற்றவர்களுக்குத் தொல்லை" என்று மறைப்பவர்கள்தான் நிஜத் தொல்லை ஆகிறார்கள். அறிகுறி இருக்கும்போது இன்னும் மேலே ஏறக்கூடாது. கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும், ராத்திரியானாலும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இறைத்தாலோ, குடித்தவன் போல நடை தடுமாறினாலோ, அது உயிருக்கு ஆபத்து. மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி ஊரிலேயே டாக்டரிடம் பேசு, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல். தூக்க மாத்திரையும் மதுவும் அங்கே தொடவே கூடாது.

சாப்பாடு பருப்பு, ரொட்டி, சோறு, ராஜ்மா என்று சூடாக வரும். பசிக்காவிட்டாலும் சாப்பிடு. நாலு நாளுக்குப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள், குமட்டும் நேரத்தில் அதுதான் சோற்றை இறக்கும். நடையில் கடலைமிட்டாய், எள்ளுருண்டை. சாக்லேட் பார் பனியில் கல்லாகிப் பல்லை உடைக்கும்.

இரவில் சுடுதண்ணீரை உலோக பாட்டிலில் நிரப்பி, சாக்ஸுக்குள் போட்டு, தூக்கப்பைக்குள் கால்மாட்டில் வை. போன், பவர் பேங்க், டார்ச் பேட்டரி எல்லாம் உன்னோடு உள்ளே தூங்கட்டும், வெளியே வைத்தால் காலையில் சார்ஜ் காலி. நடக்கும்போது தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வை. ஐஸ் மேலிருந்துதான் உறையும், மூடி அடைக்காது.

பனியும் ஏரியும்

கெட்டியான ஐஸ் வந்தால் ஷூவில் முள்சங்கிலி மாட்டச் சொல்வார்கள். பாறையில் அதோடு நடக்காதே. பனியில் ஏறும்போது ஷூ நுனியால் குத்தி இடம் செய், இறங்கும்போது குதிகாலை ஊன்று, முன்னால் போனவர் தடத்திலேயே போ. முகட்டுக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடு. வெயில் ஏறினால் பனி சேறாகும், மத்தியானத்துக்குள் மேகமும் வந்து மூடிவிடும். சீக்கிரம் போனவர்களுக்கு எதிரே நந்தா குன்ட்டி சிகரமும் 7,120 மீட்டர் திரிசூல் சிகரமும் மறைப்பில்லாமல் கிடைக்கும். திரிசூல், 1907-ல் டாம் லாங்ஸ்டாஃப் குழு ஏறிய சிகரம். அந்தக் காலத்தில் 7,000 மீட்டருக்கு மேல் வேறெந்தச் சிகரத்திலும் யாரும் கால் வைத்ததில்லை.

உறைந்த ஏரியின் மேல் நடக்காதே. இதில் பேச்சுக்கே இடமில்லை. நாலு பேர் நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஓடை வந்து விழும் ஓரத்தில் ஐஸ் மெல்லியதாக இருக்கும், மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கரையில் நின்று பார்த்தாலும் அதே ஏரிதான்.

கூட்டிப் போகும் குழுவை விலையை வைத்துத் தேர்ந்தெடுக்காதே. எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, சுமை தூக்கும் ஆட்களுக்கு நல்ல ஷூவும் காப்பீடும் கொடுக்கிறார்களா என்று கேள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்தக் குழு வேண்டாம். ஆலி, பேத்னி புல்வெளிகளில் டென்ட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது ஆசை காட்டினாலும் வேண்டாம். உயரமான புல்வெளிகளில் இரவு தங்க உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. முதல் தடவை பெரிய பையைக் கழுதையில் ஏற்றிவிடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடியும் நாளன்று சமையல்காரருக்கும் கழுதைக்காரருக்கும் கையில் நேராகப் பணம் கொடு.

லோஹாஜங்கிலிருந்து இறங்கும் அன்று இரவுக்கே ரயிலோ விமானமோ போடாதே. ஒரு மண்சரிவு போதும், மலைச்சாலையில் அரை நாள் நின்றுவிடும். நடுவில் ஒரு நாள் விட்டு டிக்கெட் எடு, அந்த ஒரு நாளையும் சேர்த்தே மேனேஜரிடம் இப்போதே லீவு கேட்டு வை.